கேம் கன்சோலுக்கு எது முக்கியம்: புதுமையான வடிவமைப்பா, சக்திவாய்ந்த ஹார்டுவேரா?

கன்சோல், அதாவது வீடியோ கேம் பெட்டி, செய்யும் கம்பெனிகள் புது மாதிரி வடிவமைப்பில் காசைப் போட வேண்டுமா, இல்லை பிராசசர், கிராபிக்ஸ் என்று பலத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இன்ஜினியர் இல்லை. 2007-லிருந்து 2014 வரை வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கேம் சென்டர் நடத்தினேன். பத்துக்குப் பதினாலு அறை, நாலு பிஎஸ்2 (சோனியின் பிளேஸ்டேஷன் 2 பெட்டி), நாலு டிவி, ஒரு ஃபேன். மணிக்கு இருபது ரூபாய். பையன்கள் எதற்குக் காசு எடுப்பார்கள், எதற்குக் கையைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் ஓட்டு வடிவமைப்புக்குத்தான். ஆனால் 'புதுமையான' என்ற வார்த்தையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பெட்டி எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டில் பொருந்த வேண்டும். அங்கே என்ன டிவி, எவ்வளவு இடம், கரண்ட் எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் நினைத்துச் செய்ததைத்தான் நான் நல்ல வடிவமைப்பு என்பேன்.

இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸைச் சொல்கிறேன். 2011 கடைசியில் காட்பாடிப் பக்கத்திலிருந்து காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் வர ஆரம்பித்தார்கள். வந்ததும், "இன்னாணா, இன்னும் பிஎஸ்2-தானா வச்சிகினு கீற?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். ரோஷம் வந்துவிட்டது. அப்போது பலசாலி என்று பேர் வாங்கியிருந்த ஒரு பெட்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்தேன். எந்தப் பெட்டி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தப்பு அதன்மேல் இல்லை. என்னிடம் இருந்தது அரசு கொடுத்த இலவச கலர் டிவி, 14 இன்ச். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகி ஆன் செய்தால் படம் வந்தது. எழுத்துதான் தெரியவில்லை. பெரிய எச்டி திரைக்காக எழுதிய எழுத்து என் டிவியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. ஸ்கோர் எவ்வளவு என்று பார்க்க எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போகவேண்டும். கோடிக்கணக்கான டாலர் ஆராய்ச்சி, கடைசி மூன்றடியில் மாட்டிக்கொண்டது.

அடுத்தது 2012. அந்த வருஷத்து மின்வெட்டை வடாற்காட்டுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் கிடையாது. சென்டர் ஓடியதே இன்வெர்ட்டரில்தான். மெலிந்த பிஎஸ்2 மாடலின் அடாப்டரில் 8.5 வோல்ட், 5.65 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். பெருக்கினால் 48 வாட், அதுவும் உச்சத்தில். புதுப் பெட்டி அதைப்போல் மூன்று நான்கு மடங்கு குடித்தது. அதை ஆன் செய்தால் பேட்டரி மளமளவென்று இறங்கி மற்ற டிவிகளும் சேர்ந்து படுத்துவிடும். இருபது ரூபாய் கொடுத்துவிட்டுப் பாதி மேட்சில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் கிராபிக்ஸ் பெருமை பேச முடியுமா? ரெண்டே மாதம். வாங்கியதற்கு மூவாயிரம் குறைத்து விற்றுவிட்டு பிஎஸ்2-வுக்கே திரும்பினேன்.

இத்தனைக்கும் அந்த பிஎஸ்2 தன் காலத்திலேயே பலசாலி இல்லை. 2000-ல் வந்தது. அடுத்த வருஷம் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸும் நின்டென்டோவின் கேம்கியூபும் ஹார்டுவேரில் அதைவிட வலு. ஆனால் விற்றது பிஎஸ்2, உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல். டிவிடி படமும் ஓடும், பழைய பிஎஸ்1 கேமும் ஓடும் என்பதால் வீட்டில் ஒரு பெட்டியை வாங்க அப்பாவைச் சம்மதிக்க வைப்பது சுலபமாக இருந்தது.

இதே கதை இன்னும் பழையது. 1989-ல் வந்த நின்டென்டோவின் கேம் பாய் கையில் வைத்து ஆடும் பெட்டி, அதற்குக் கலர் கிடையாது. பச்சை கலந்த சாம்பல் திரை, உள்ளே வெளிச்சம்கூட இல்லை. நாலு பென்சில் பேட்டரி போட்டால் பதினைந்து மணி நேரம் போல ஓடும். போட்டிக்கு வந்த சேகாவின் கேம் கியர் பளபளவென்று கலர், உள்விளக்கு. ஆறு பேட்டரி கேட்கும், மூன்று நாலு மணி நேரத்தில் படுத்துவிடும். எது ஜெயித்தது என்று பேட்டரிக்குக் காசு கொடுத்த பெற்றோரைக் கேட்டாலே தெரியும். கேம் பாயை உருவாக்கிய குன்பே யோகோய் வைத்திருந்த கொள்கையே அதுதான்: எல்லோருக்கும் பழகி, விலை மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் யோசிக்காத வேலைக்குப் பயன்படுத்து.

அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வாத்து சுடும் துப்பாக்கி. தொண்ணூறுகளில் கேசட் போட்டு விளையாடும் நகல் பெட்டிகளோடு ஒன்று வருமே, அது. துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் டிவிக்குப் போகிறது என்றுதான் பத்து வயது வரை நினைத்திருந்தேன். நடப்பது தலைகீழ். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் ஒளியை உணரும் ஒரு சின்னஞ்சிறு பாகம் இருக்கிறது. முதலில் இருட்டையும் பிறகு வெள்ளையையும் அது பார்த்தால் வாத்து விழும். ஒளி பாய்வது டிவியிலிருந்து துப்பாக்கிக்கு! டியூப்லைட்டை நோக்கிச் சுட்டு ஏமாற்றப் பார்த்தால், அந்த இருட்டு கிடைக்காததால் கணக்கில் வராது. இதற்கு வேகமான பிராசசரும் வேண்டாம், கூடுதல் மெமரியும் வேண்டாம். 1970-லேயே நின்டென்டோ சோலார் செல்லை வைத்து ஒளித் துப்பாக்கி பொம்மை விற்றது. அதிலும் இதே யோகோயின் கை இருந்தது. பதினைந்து ரூபாய் யோசனை என்று நான் இதைச் சொல்வதுண்டு. எங்கள் ஆயாவுக்குக்கூட அதைக் கையில் பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதற்காக வித்தியாசமாக எதைச் செய்தாலும் விற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே யோகோய் 1995-ல் வர்ச்சுவல் பாய் செய்தார். ஸ்டாண்டில் நிற்கும் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து, சிவப்பு ஒரே நிறத்தில் விளையாட வேண்டும். புதுமைக்குக் குறைவில்லை, பத்து லட்சம்கூட விற்கவில்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் அதன் பெரிய குறை என்று தோன்றுகிறது. என் சென்டரில் ஒருவன் ஆட நாலு பேர் பின்னால் நின்று கத்துவார்கள், அந்தக் கத்தலுக்காகத்தான் ஐந்தாவது ஆள் வருவான். நின்டென்டோவின் வீ (Wii) பெட்டி 2006-ல் வந்து 10 கோடி விற்றது, போட்டியாளர்களைவிட பலத்தில் எவ்வளவோ கீழே இருந்துகொண்டு. அடுத்து 2012-ல் வந்த வீ யூ (Wii U) ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. அது புதுப் பெட்டியா, பழைய பெட்டிக்கு ஒரு உதிரிச் சாமானா என்றே பலருக்கும் விளங்கவில்லை.

பலம் ஜெயித்த கதையும் உண்டு. 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன், கினெக்ட் கேமராவோடு 499 டாலருக்கு வந்தது. கையை ஆட்டலாம், பேசியே கட்டளை கொடுக்கலாம். பிஎஸ்4 அந்த மாதிரி எதையும் கட்டாயமாக்காமல், கிராபிக்ஸ் பலத்தைக் கூட வைத்து, 399 டாலருக்கு வந்தது. மக்கள் பிஎஸ்4 பக்கம் போனார்கள். அடுத்த வருஷமே கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸை 399-க்கு விற்க வேண்டியதாயிற்று. 2010-ல் வந்த முதல் கினெக்டுக்கு ஆறடி தள்ளி நிற்கணும். நம்ம வீட்டு ஹாலில் டிவியிலிருந்து ஆறடி தள்ளினால் சமையல்கட்டு.

பலமே இல்லாவிட்டாலும் சிக்கல்தான். டிவியிலும் மாட்டலாம், கையிலும் வைத்து ஆடலாம் என்று 2017-ல் வந்த நின்டென்டோவின் சுவிட்ச்சுக்கு 2019-ல் 'விட்சர் 3' என்ற கேம் வந்தபோது, கையில் வைத்து ஆடும்போது 540 பிக்சல் உயரத்துக்குப் படத்தைக் குறைத்துத்தான் ஓட்ட முடிந்தது. ஃபிஃபா கால்பந்து கேமில் 20-லிருந்து 23 வரை சுவிட்ச்சுக்குக் கிடைத்தது ஆட்டக்காரர் பட்டியலும் ஜெர்சியும் மாற்றிய 'லெகசி எடிஷன்' மட்டுமே. என் சென்டரில் பாதி வருமானம் கால்பந்தும் மல்யுத்தமும்தான். அப்படிப்பட்ட ஆட்களிடம் போய் சுவிட்ச்தான் ஒசத்தி என்று வாதாட மாட்டேன். நின்டென்டோவும் இதைப் புரிந்துகொண்டதுபோல்தான் தெரிகிறது. 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2-ல் அதே வடிவத்தை வைத்துக்கொண்டு பலத்தைப் பெரிதாகக் கூட்டினார்கள். நாலு நாளில் 35 லட்சம் விற்றது. ஜெயித்த வடிவம் கையில் இருந்ததால் அப்படிச் செய்ய முடிந்தது.

எங்கள் ஊருக்கென்று ஒரு சின்ன விஷயம். 2022 கோடையில், சுவிட்ச்சை 5 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்துங்கள் என்று ஜப்பானில் நின்டென்டோவே அறிவித்தது. வேலூரில் மே மாதம் 35 டிகிரி என்பது காலை ஒன்பது மணி. இருந்தாலும் என் பையனுக்கு வாங்கிக்கொடுத்தது சுவிட்ச்தான், சென்னை ரிச்சி தெருவில். காரணம் 2012. கரண்ட் போனால் டிவியிலிருந்து உருவிக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்திலிருந்து ஆடுகிறான். என்னைப் போல இன்வெர்ட்டர் சிகப்பு விளக்கை வெறித்துப் பார்ப்பதில்லை.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்யும்போது அந்த வாத்துத் துப்பாக்கி கிடைத்தது, கேசட்டோடு. பெட்டியும் உயிரோடுதான் இருந்தது. பையன் எல்இடி டிவியில் மாட்டிச் சுட்டுச் சுட்டுப் பார்த்தான்; ஒரு வாத்தும் விழவில்லை. துப்பாக்கி கெட்டுவிட்டது என்றான். கெடவில்லை, இந்த டிவி படத்தை ஒரு நொடியின் சிறு துளி தாமதமாகக் காட்டுகிறது, துப்பாக்கி அதற்குள் பார்த்து முடித்துவிடுகிறது, பழைய குண்டு டிவியில்தான் வேலை செய்யும் என்றேன்.

"அப்ப நம்ம குண்டு டிவி எங்கப்பா?"

போன ஆடிக்கு முன்னால்தான் அதைப் பழைய சாமான் வாங்குபவரிடம் 150 ரூபாய்க்குப் போட்டிருந்தேன்.