தூக்குப் பாத்திரத்தில் இருக்கும் எழுத்தைத் தேய்க்காதீர்கள்

அன்புள்ள ஆச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம், செட்டிநாட்டு நகரத்தார் குடும்பம், வேலை சென்னையில். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீரென்று தோன்றியது, எழும்பூர் போய்ப் பல்லவன் ரயிலில் ஏறிவிட்டேன். மாற்றுச் சட்டைகூட எடுக்கவில்லை. மறுநாள் எங்கள் பழைய வீட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பதினான்கு புள்ளிக்கு, அதாவது பதினான்கு குடும்பத்துக்கு, பொதுவான வீடு, இப்போது யாரும் குடியில்லை, இடிப்பதா வைப்பதா என்று ஆளுக்கொரு பேச்சு. இரண்டாம் கட்டில் ஓர் அறையில் அப்பத்தாவின் பித்தளைத் தூக்கு கிடைத்தது, எடுத்து வந்தேன். பாலிஷ் போட்டு ஹாலில் வைக்க ஆசை. கழுத்தடியில் ஏதோ எழுத்துக் குத்தியிருக்கிறது, அதையும் தேய்த்து எடுத்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும் என்கிறார் கடைக்காரர். அப்பத்தா சொன்ன பழமொழிகள் ஐம்பதைச் சின்னப் புத்தகமாகப் போட்டு, தை மாதம் பங்காளிகள் கூடும்போது கொடுக்கவும் எண்ணம். ‘கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு’ என்பதுதான் முதல் பக்கம். சொல்லாமல் கிளம்பிப் போனதில் என் மனைவிக்கு இன்னும் கோபம் தீரவில்லை. திட்டம் போடாமல் ஊர் சுற்றுவது தப்பா ஆச்சி?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

தப்பில்லை. ஆனால் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஆள் எங்கே போனார் என்று தெரியாமல் சாயங்காலமெல்லாம் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், கோபம் வராமல் என்ன செய்யும்? பதினான்கு புள்ளி விவகாரத்துக்குள் நான் வரவில்லை. அது நீங்கள் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியது.

தூக்கைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டீர்களா இல்லையா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே. கொடுத்திருந்தால் இதைப் படித்த கையோடு போய் வாங்கிவிடுங்கள். உள்ளே ஈயம் பூசுவதென்றால் பூசட்டும், நல்லதுதான், பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். வெளியே மட்டும் மிஷினைக் காட்ட விடாதீர்கள்.

ஏதோ எழுத்தாம்! தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளை எழுதுகிற வார்த்தையா இது? அது விலாசம் தம்பி. ஐயா (தாத்தா) பேரின் முதலெழுத்து, அவருக்கு அப்பச்சி (அப்பா) பேரின் எழுத்து, அதற்கும் முந்தியவர் எழுத்து என்று வரிசையாக வருகிறதே, அந்த விலாசம். ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிற்கப் போன இடத்திலெல்லாம் ஆளின் பெயருக்கு முன்னால் போய் நின்றது அந்த எழுத்துதான். இன்றைக்கும் ஊரில் வயதானவர்கள் உங்கள் பெயரைக் கேட்டுவிட்டு, அடுத்ததாக “என்ன விலாசம்?” என்றுதானே கேட்கிறார்கள்? வீடு எந்தத் தெருவில் என்றா கேட்கிறார்கள்?

கல்யாணத்துக்குச் சாமான் பரப்பும்போது அண்டாவிலிருந்து ஆழாக்கு வரைக்கும் பெயர் வெட்டாமல் எங்கள் வீட்டில் எதையும் வைத்ததில்லை. அழகுக்காக வெட்டியது இல்லை. ஒரு வீட்டு விசேஷத்துக்குப் பத்து வீட்டுப் பாத்திரம் போகும், முற்றத்தில் மொத்தமாகக் கழுவிக் கவிழ்ப்பார்கள், எது யாருடையது என்று எழுத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். எழுத்து இருந்தால் வீடு திரும்பும்.

போன வாரம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருந்தேன். பழைய சாமான் கடைகள் உள்ள தெரு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மங்குச் சட்டி, ஜாடி, தேக்குத் தூண், பூட்டோடு கழற்றிய கதவு. பித்தளைக் குவியலில் ஒரு செம்பை எடுத்துத் திருப்பினேன். உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டிய மூன்று எழுத்து, நடுவில் ‘ரா’வின் கால் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தட்டியவன் கை சலித்திருந்ததோ என்னவோ. அதற்குக் கீழே ஒரு பெண்ணின் பெயர் பாதி தேய்ந்து கிடந்தது. யாரோ ஒரு அப்பச்சி தன் மகளுக்கென்று நின்று வெட்டச் சொன்ன பெயர். அன்றிலிருந்து மனது சரியில்லை, அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பழமொழிப் புத்தகமும் எனக்கு இதே மாதிரிதான் தெரிகிறது. ஐம்பதை வரிசையாக அச்சடித்தால் அது எந்த வீட்டு அப்பத்தாவும் சொன்னதாக இருக்கலாம். யாரிடம் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள், அப்போது கையில் என்ன வேலை இருந்தது? அது இல்லாத பழமொழி எழுத்தைத் தேய்த்த தூக்கு. உங்கள் முதல் பக்கத்துப் பழமொழியை நான் ஒரே ஒரு முறை நேரில் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது, கானாடுகாத்தானில் ஆயா (அம்மாவைப் பெற்றவர்) வீட்டில் இருந்தேன். அம்மானுக்கு (தாய்மாமனுக்கு) மெட்ராஸில் வேலை கிடைத்து அன்றைக்குக் கிளம்ப வேண்டும். உள்முற்றத்து வளவில் நின்றுகொண்டு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். பணத்தை எங்கே வைக்க வேண்டும், யாரிடம் பேசக்கூடாது, எந்த ஓட்டலில் சாப்பிடக்கூடாது. அம்மானுக்கு முகமெல்லாம் வேர்த்து, கண் கலங்குகிற மாதிரி ஆகிவிட்டது. ஆயா ஓரமாக உட்கார்ந்து தூக்குக்குள் வாழை இலையைச் சுருட்டி வைத்துப் புளிச்சோற்றை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள்: “கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு? விடுங்க அவனை.” வளவே அடங்கிப்போனது. புத்தகத்தில் போட்டால் ‘சொந்த புத்தி வேண்டும்’ என்று கீழே பொருள் எழுதுவீர்கள். அன்றைக்கு அது, நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை மற்றவர்களிடமிருந்து காப்பாற்றச் சொன்ன வார்த்தை. எத்தனை நாளைக்கு என்று கேட்ட வாய் கேட்டுக்கொண்டிருக்க, கை சோற்றைக் கட்டிக்கொண்டுதான் இருந்தது.

செட்டிநாடு ஸ்டேஷன் வரைக்கும் வழியனுப்பப் போனோம். வண்டி வருகிற நேரம், ஆயா சுருக்குப் பையை அவிழ்த்து ஜன்னலில் காசை நீட்டித் திருமயத்துக்கு ஒன்றரை டிக்கெட் வாங்கினார்கள். ஏன் என்று யாரும் கேட்க நேரமில்லை. “வா, போயிட்டு வருவோம்” என்று என்னைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். அவ்வளவுதான் பயணம். அந்த நேரம் முழுக்க அம்மானும் ஆயாவும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து இரண்டு பேரும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது ஆயா சொன்னது ஒன்றுதான்: “தூக்குத் திரும்பி வரணும்ப்பா.”

வண்டி புதுக்கோட்டைப் பக்கம் போனது. நாங்கள் மலையடியில் சத்தியமூர்த்திப் பெருமாளையும் பக்கத்திலேயே சத்தியகிரீஸ்வரரையும் கும்பிட்டுவிட்டு, கோட்டைக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றோம். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை என்பதெல்லாம் பிறகு படித்தது. சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தோம். எங்கே போனீர்கள் என்று ஐயா சத்தம் போட்டார்கள். ஆயா பதில் சொல்லாமல் விளக்கேற்றப் போய்விட்டார்கள்.

பொங்கலுக்கு அம்மான் வந்தபோது பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் தூக்கைத்தான் ஆயா கையில் கொடுத்தார். ஆயா அதை முற்றத்து வெளிச்சத்தில் பிடித்து, எழுத்தின்மேல் பெருவிரலை ஒரு தடவை ஓட்டிவிட்டு, உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அந்தத் தூக்கு இப்போது என்னிடம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் அதில்தான் பால் வாங்குகிறேன்.

சரி, உங்கள் தூக்குக்கு வருவோம். புளியும் கொஞ்சம் செங்கல் பொடியும் போட்டுக் கையால் தேயுங்கள், போதும். காய்ந்தபின் கோலமாவை ஒரு சிட்டிகை எடுத்து எழுத்தின்மேல் தடவித் துடைத்தால் குழிக்குள் மாவு நின்று வெள்ளையாகத் தெரியும். அது அப்பத்தா பிறந்த வீட்டு விலாசமா, புகுந்த வீட்டு விலாசமா என்று பாருங்கள். பிறந்த வீட்டு எழுத்தாக இருந்தால் அந்த ஊருக்கு இதுவரை நீங்கள் போயிருக்கமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு வேண்டுமானால் திட்டம் போடாமல் கிளம்பலாம், வீட்டில் அவர்களையும் கூட்டிக்கொண்டு. கையில் தூக்கை எடுத்துப் போங்கள், எழுத்தைப் பார்த்ததும் வீட்டைக் காட்ட ஆள் இருக்கும்.

என்ன எழுத்து என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி