டவர் இருக்கு, நெட் இல்லை: கேட்டதும் சொன்னதும்

16 வருஷம் ஒரு மொபைல் கம்பெனியின் நெட்வொர்க் கண்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்த்தவன் நான். நீங்க கொடுக்குற புகார் எந்த மேஜையில போய் விழுதுன்னு பார்த்திருக்கேன். தெரிஞ்சதைச் சொல்றேன், கேளுங்க.

கேள்வி: போன்ல முழு சிக்னல் காட்டுது, ஒரு மெசேஜ்கூடப் போகல. அந்தக் கோடு பொய்யா சார்?

பொய்யில்லை, பாதி உண்மை. டவரோட ரேடியோ உங்க போனுக்கு எவ்வளவு பலமாக் கேக்குதுங்கறது மட்டும்தான் அந்தக் கோடு. டவருக்குப் பின்னால போற ஃபைபர் கேபிள் அறுந்திருந்தாலும், ஒரே டவர்ல கூட்டம் நெரிஞ்சாலும் கோடு முழுசாவே நிக்கும். வாசல்ல விளக்கு எரியுது, உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான். ஃப்ளைட் மோடைப் போட்டு அரை நிமிஷம் கழிச்சு எடுங்க. போன் நெட்வொர்க்ல மறுபடி பதிவு பண்ணிக்கும். அதுக்கும் வரலைன்னா 5ஜியை அணைச்சு 4ஜியில பாருங்க.

கேள்வி: டவர் விழுந்தா கம்பெனிக்கே தெரியும்தானே? நாங்க எதுக்கு போன் பண்ணிச் சொல்லணும்?

முழுசா விழுந்தா உங்களுக்கு முன்னாடியே எங்களுக்குத் தெரியும். கரண்ட் போனாலும் பேட்டரி இறங்கினாலும் அலாரம் அடிச்சிடும். பிரச்சினை அரைகுறையாச் செத்த டவர்லதான். நாங்க அதை ‘ஸ்லீப்பிங் செல்’ம்போம். கருவி உயிரோட இருக்கும், சிக்னலும் விடும், ஆனா ஒரு போன் காலையும் ஏத்துக்காது. எங்க திரையில எல்லாம் பச்சை.

இப்படி ஒண்ணு மறக்கவே மறக்காது. ஒரு பெரியவர் நாலு நாளா தினமும் கூப்பிட்டார். திட்டவே இல்லை. நோட்டுல எழுதி வச்சதை வாசிப்பார்: “6.10 போகல. 6.40 போகல. மொட்டை மாடிக்குப் போனேன், போச்சு. கீழே இறங்கினேன், போகல.” மூணு பேர் அலாரம் இல்லைன்னு சொல்லி புகாரை மூடிட்டாங்க. நாலாவது நாள் என் ஷிப்ட். மாடியில கிடைக்குதுன்னா அங்கே வேற டவர் பிடிக்குது, கீழே பிடிக்கிற டவர்லதான் கோளாறுன்னு உறைச்சது. அந்த டவர்ல மூணு திசைக்கு மூணு செக்டர். அவர் வீட்டுப் பக்கம் பார்த்த செக்டரோட கால் கணக்கை எடுத்தா, நாலு நாளா பூஜ்யம். டவர்ல அந்த செக்டரை ஓட்டுற கார்டை ரீசெட் பண்ணினதும் கால் போக ஆரம்பிச்சிடுச்சு. அந்த நோட்டு இல்லைன்னா இன்னும் எத்தனை நாள் கிடந்திருக்குமோ.

கேள்வி: அப்போ புகார்ல என்ன சொல்லணும்?

“நெட் வரல”ன்னு மட்டும் சொன்னா ஆயிரத்தோட ஆயிரத்தொண்ணு. இப்படிச் சொல்லிப் பாருங்க: “நேத்து ராத்திரி 8 மணியிலிருந்து. கால் போகுது, டேட்டா போகல. இதே சிம்மை இன்னொரு போன்ல போட்டும் அப்படியே. வீட்டுல இன்னும் ரெண்டு பேருக்கும் இதே கதை. தெருமுனைக்குப் போனா சரியாகுது.” போன் கோளாறா, சிம் கோளாறா, டவர் கோளாறான்னு பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

கேள்வி: வீட்டு ஃபைபர் பெட்டியில எல்ஓஎஸ்னு சிவப்பு லைட் மின்னுது. ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாச்சு.

பெட்டிக்கு வெளிச்சமே வந்து சேரலைன்னு அர்த்தம். பத்து தடவை ரீஸ்டார்ட் பண்ணினாலும் பிரயோஜனமில்லை. அந்த மெல்லிசு கேபிள் எங்கேயாவது மேஜைக்கு அடியில மாட்டி மடிஞ்சிருக்கான்னு பாருங்க. ஃபைபர் மடிஞ்சா அந்த இடத்துல ஒளி வெளியே கசிஞ்சிடும். கேபிள் முனையைக் கழற்றி கண்ணுல வச்சுப் பார்க்காதீங்க. உள்ளே வர்ற லேசர் கண்ணுக்குத் தெரியாது, தெரியலைங்கறதுக்காக ஆபத்தில்லைன்னு ஆகாது.

கேள்வி: சரியாகாமலே “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது”ன்னு மெசேஜ் வருதே. எரிச்சலா இருக்கு.

நியாயமான எரிச்சல். இத்தனை மணி நேரத்துல மூடணும்னு உள்ளே ஒரு கணக்கு ஓடும். அதுக்காக மூடுறவங்களும் உண்டு, மறைச்சுப் பேச நான் இப்ப அங்கே வேலையில இல்லை. புதுப் புகார் கொடுத்துடாதீங்க. கடிகாரம் பூஜ்யத்துலேர்ந்து ஓடும், நீங்க காத்திருந்த நாளெல்லாம் கணக்குல காணாமப் போயிடும். பழைய எண்ணைச் சொல்லி அதையே திறக்கச் சொல்லுங்க. மேல்முறையீட்டுக்குப் போனாலும் அந்த ஒரே எண்தான் சாட்சி.

கேள்வி: 99.9 சதவீதம் சேவைன்னு ஒப்பந்தத்துல இருக்கு. மாசம் அரை மணி நேரம் போகுது. நஷ்டஈடு கேட்கலாமா?

99.9ன்னாலே 30 நாள் மாசத்துக்கு 43 நிமிஷம் போகலாம்னுதான் கணக்கு. அரை மணி அதுக்குள்ளே அடங்கிடுது.

கேள்வி: நாடு முழுக்க ஒரு நெட்வொர்க்கே படுத்தா மட்டும் ஏன் சரிபண்ண ஒரு நாள் ஆகுது? அந்த நேரம் அவசர காலாவது போகுமா?

கனடாவுல 2022 ஜூலை 8 அன்னைக்கு ரோஜர்ஸ் நெட்வொர்க் விழுந்துச்சு. 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல பாதிப்பு. மேம்பாட்டு வேலையில ஒரு ரவுட்டரோட வடிகட்டியை எடுத்துட்டாங்க, தகவல் வெள்ளமாப் பாய்ஞ்சு மையக் கருவிகள் மூச்சுத் திணறிப் படுத்துடுச்சு. சரிபண்ண வேண்டிய இன்ஜினியர்களும் அதே நெட்வொர்க்கை நம்பி இருந்ததால ஒருத்தரோட ஒருத்தர் பேசவே போட்டிக் கம்பெனி சிம் தேவைப்பட்டுச்சு.

அவசர கால்ல விபரீதம் வேற. மையம் செத்தாலும் டவர் ரேடியோ உயிரோட இருந்ததால, பல போன் வேற நெட்வொர்க்குக்குத் தாவாம அங்கேயே ஒட்டிக்கிச்சு, அந்த ஊர் அவசர எண்ணான 911 போகல. அப்படி மாட்டினா சிம்மைக் கழற்றிட்டு முயற்சி பண்ணுங்க. பல நாடுகள்ல சிம் இல்லாமலும் அவசர எண் போகும்.

கேள்வி: வாட்ஸ்அப் மட்டும் திறக்கலைன்னா நெட் கம்பெனிகிட்ட சொல்லணுமா அண்ணா?

வேற ரெண்டு தளம் திறக்குதுன்னா வேண்டாம். 2021 அக்டோபர் 4 அன்னைக்கு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூணும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இல்லை. தப்பு ஃபேஸ்புக் பக்கம், திட்டு வாங்கினது நெட் கம்பெனி.

கேள்வி: ரெண்டு கம்பெனி சிம் வச்சிருந்தா பயமில்லைதானே?

ஓரளவுக்குத்தான். ரெண்டும் ஒரே கம்பத்துல, ஒரே குழாயில ஃபைபர் போட்டிருந்தா ஒரு மண்வெட்டி போதும். 2011ல ஜார்ஜியாவுல செம்பு தேடித் தோண்டின ஒரு பாட்டி கேபிளை வெட்டிட்டாங்க. பக்கத்து நாடான ஆர்மீனியாவுல பெரும்பகுதிக்குப் பல மணி நேரம் இன்டர்நெட் இல்லை!

கேள்வி: சிவப்பு லைட் கேட்டவன்தான் சார். சோபா கால் கேபிளை நசுக்கிட்டு இருந்துச்சு, நகர்த்தினேன், பச்சை வந்துடுச்சு. புகாரை ரத்து பண்ணிடவா?

பண்ணாதீங்க. ஆள் வரட்டும், பவர் மீட்டர் வச்சு வர்ற ஒளியோட பலத்தை அளக்கச் சொல்லுங்க. டிபிஎம்ங்கற அளவுல காட்டும், மைனஸ் கூடக் கூட ஒளி மங்கல். மைனஸ் 20 பக்கம் காட்டினா நிம்மதி. மைனஸ் 27ஐ ஒட்டி நின்னா ஃபைபர் உள்ளே அடிபட்டிருக்கலாம், அந்தத் துண்டை மாத்தச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.