மாமாவாகவே இருந்துவிடலாமா?

அன்புள்ள மேடம்,

வயது 36. நாகர்கோவில் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை. அப்பா உயில் எதுவும் எழுதாமல் போய்ச்சேர்ந்தார். அக்கா விவாகரத்து வாங்கிக்கொண்டு கைக்குழந்தையோடு வந்தாள். அந்த மருமகளுக்கு இப்போது 9 வயது. ஸ்கூலில் கொண்டு விடுவது, கணக்குச் சொல்லிக்கொடுப்பது, காய்ச்சல் என்றால் ராத்திரி விழித்திருப்பது எல்லாம் நான்தான். எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஊருக்குத்தான் தெரிகிறது. "வீட்டுல இப்படியொருத்தி இருந்தா எவன்ல பொண்ணு தருவான்?" என்று ஒரு சித்தப்பா அக்கா காதுபடவே கேட்டார். அன்று முதல் அக்கா வாடகைக்கு வீடு தேடுகிறாள். அம்மா அழுகிறாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் ஒரே கற்பனை: ஜாதகம், தாலி, சீர்வரிசை எதுவும் இல்லாத ஒரு சமூகம். பிறந்த வீடுதான் எல்லோருக்கும் கடைசிவரை வீடு. அங்கே அக்காவை யாரும் திரும்பி வந்தவள் என்று சொல்ல முடியாது. பிரியமானவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். (என்னோடு வேலை பார்க்கும் ஒருவரை எனக்குப் பிடிக்கும். அது தனிக்கதை.)

பொறுப்புக்குப் பயந்து ஓடுகிறாய் என்கிறான் நண்பன். இது மனநோயா? இப்படி ஒரு சமூகம் நடக்கக்கூடியதுதானா?

பெயர் வேண்டாம்

—

அன்புள்ள தம்பி,

நோய் இல்லை. பொறுப்புக்குப் பயந்தவர் காய்ச்சலில் கிடக்கும் குழந்தை பக்கத்தில் விழித்திருக்க மாட்டார். உங்கள் நண்பர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

நடக்கக்கூடியதா என்றால், நடந்திருக்கிறது. சீனாவில் யுன்னான், சிச்சுவான் மாகாணங்களின் எல்லையில் லுகு ஏரி இருக்கிறது. அதன் கரையில் வாழும் மோசுவோ மக்களின் மரபில் ஆணும் பெண்ணும் சேர்ந்து குடித்தனம் நடத்துவதில்லை. ஆண் இரவில் அவள் வீட்டுக்குப் போவான், காலையில் தன் தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுவான். பிள்ளைகள் தாய்வீட்டுப் பிள்ளைகள். அவர்களை வளர்ப்பதில் தாய்மாமனுக்குத்தான் பெரிய பங்கு. கலாசாரப் புரட்சிக் காலத்தில் அரசாங்கம் அவர்களைக் கட்டாயப்படுத்தி ஜோடி சேர்த்தது. பிடி தளர்ந்ததும் பலர் பழைய வழிக்கே போய்விட்டார்கள். நீங்கள் ராத்திரி கட்டுகிற வீடு கிட்டத்தட்ட இதுதான்.

சீனா வரை போவானேன்? உங்கள் நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடமே மருமக்கள்வழி இருந்தது. கல்யாணம் உண்டு, ஆனால் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. அதில் மனைவி மக்கள் பட்ட பாட்டைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் ஒரு மனைவியின் வாயாலேயே சொல்லவைத்தார். படித்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். 1926-இல் திருவிதாங்கூர் சட்டம்தான் அதை மாற்றியது. சகோதரிக்கு உறுதியான இடம் தந்த அந்த முறையில், வேறொரு பெண் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தாள்.

உங்கள் கடிதத்திலும் அடைப்புக்குறிக்குள் ஒருவர் நிற்கிறார். அது தனிக்கதை அல்ல. மோசுவோ பெண்ணுக்குப் பின்னால் அவளுடைய வீடும் அண்ணன் தம்பிமாரும் உண்டு. இவருக்கு? அவர் வீட்டிலும் இந்நேரம் ஜாதகக்கட்டைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். உங்களைப் பிடித்திருக்கிறதா என்றுகூட அவரிடம் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காவும் குழந்தையும் இருக்கிற வீட்டில் வாழச் சம்மதிக்கிறவராகவே அவர் இருக்கலாம். கேட்காமலே அவருடைய பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள் என்பது என் ஊகம். முதலில் கேளுங்கள். கல்யாணம் வேண்டுமா, வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு இரண்டு பேருமாக யோசிக்கலாம்.

அக்கா விஷயத்துக்குச் சமூகம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். "இங்கேயே இரு" என்று நீங்கள் சொல்லச் சொல்ல, தம்பி தயவில் இருக்கிறோம் என்ற கூச்சம்தான் அவருக்குக் கூடும். வீடு அப்பா சம்பாதித்தது என்றால், அவர் உயில் எழுதாததால் இந்து வாரிசுச் சட்டப்படி அக்காவுக்கும் உங்களுக்குச் சமமான பங்கு உண்டு. பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பேசுங்கள். அடுத்த முறை சித்தப்பா வாயைத் திறந்தால், "இது அவ வீடும்தான்" என்று அக்கா முன்னாலேயே சொல்லுங்கள். உங்கள் பங்கு மருமகளுக்கு என்றால், இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதுங்கள். எழுதாவிட்டால், மணமாகாத ஆணின் சொத்து முதலில் தாய்க்குத்தான் போகும்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.