குட்டியானை ஓட்ட கார் லைசென்ஸ் போதுமா?

கேள்வி: பல வருடமாக எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்திருக்கிறேன். சொந்தக் கார் மட்டுமே ஓட்டிப் பழக்கம். இப்போது ஒரு குட்டியானை (டாடா ஏஸ் மாதிரியான சின்னச் சரக்கு வண்டி) வாங்கி வாடகைக்கு லோடு அடிக்க நினைக்கிறேன். "பேட்ஜ் இல்லாமல் மஞ்சள் போர்டு வண்டியைத் தொடாதே, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் வராது" என்கிறார் தெரிந்த டிரைவர் ஒருவர். 19 வயதான தம்பியிடமும் கார் லைசென்ஸ் இருக்கிறது. அவனும் ஓட்டலாமா?

பதில்: உங்கள் லைசென்ஸ் போதும். தம்பி இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

அந்த டிரைவர் சும்மா பயமுறுத்தவில்லை. விபத்து வழக்குகளில் "ஓட்டியவரிடம் போக்குவரத்து வாகனத்துக்கான (ஆட்களையோ சரக்கையோ ஏற்றும் தொழில் வண்டிக்கான) அனுமதி இல்லை" என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து விலக இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வெகு காலம் வாதாடி வந்தன. 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் இலகு ரகப் போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்றார்கள். அதையும் எதிர்த்து வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போனது. 2024 நவம்பர் 6-ம் தேதி அந்த அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. இப்படிப்பட்ட ஓட்டுநர்களால்தான் விபத்து பெருகுகிறது என்பதற்குப் புள்ளிவிவரம் எதுவும் தரப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நாள் முழுக்க ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் இந்தச் சலுகைக்கு எல்லை 7,500 கிலோ. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கார், டிராக்டர் என்றால் சட்டம் காலி எடையைப் பார்க்கிறது. சரக்கு வண்டிக்கோ மொத்த எடை, அதாவது வண்டியும் அது ஏற்ற அனுமதிக்கப்பட்ட முழு லோடும் சேர்ந்த எடைதான் கணக்கு. ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) எடுத்துப் பாருங்கள். அன்லேடன் வெயிட் என்று ஒரு எண்ணும், லேடன் அல்லது கிராஸ் வெயிட் என்று இன்னொரு எண்ணும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. காலி எடை 4,000 கிலோதானே என்று நம்பி எடுக்கிற லாரியின் மொத்த எடை 9,000 கிலோவாக இருந்தால், அன்று பாதி லோடு மட்டும் ஏற்றியிருந்தாலும் எல்.எம்.வி. லைசென்ஸ் செல்லாது. குட்டியானைக்கு இந்தக் கவலையே இல்லை, எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு பர்மிட்டிலிருந்தும் விலக்கு தருகிறது. ஆனால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் இரண்டும் கட்டாயம்.

பேட்ஜ் மாநில விதிகளில் வருகிற விஷயம். ஆட்கள் ஏற்றும் வண்டிக்குப் போவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், ஆசிட், கேஸ் போன்ற ஆபத்தான சரக்குக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. அதற்குத் தனிப் பயிற்சியும் லைசென்ஸில் தனிப் பதிவும் வேண்டும்.

பின்னாளில் பெரிய லாரிக்கு மாற நினைத்தால் ஹெவி லைசென்ஸ்தான் வழி. எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும், டாக்டர் கையெழுத்திட்ட 1ஏ படிவமும் கேட்பார்கள். எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும். எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். படிப்பு இல்லையே என்று ஒதுங்கி நின்ற எத்தனையோ நல்ல டிரைவர்களுக்குக் கதவு திறந்தது, தாமதமாகவாவது.

அதே 2019-ல் வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் ஒரு சலுகையைப் பறித்தும்விட்டது. முன்பெல்லாம் லைசென்ஸ் காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும். இப்போது மறுநாளே செல்லாது. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால் கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். கார் ஓட்ட 18 வயது போதும். போக்குவரத்து வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்ட 20 முடிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 4-வது பிரிவு. இது வண்டியின் எடையைப் பொறுத்ததல்ல, கையில் எல்.எம்.வி. இருந்தாலும் வயது விதி அப்படியே நிற்கும். அவசரத்துக்கு ஒரு நடை என்று சாவியைக் கொடுத்து அவன் பிடிபட்டால், ஓட்டியதற்கு அவன்மீதும், ஓட்ட விட்டதற்கு வண்டி உரிமையாளரான உங்கள்மீதும் வழக்கு வரும். உங்கள் பங்குக்கே அபராதம் 5,000 ரூபாய். விபத்து நடந்தால் அந்தத் தொகை ஒன்றுமேயில்லை. பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, முழுவதையும் உங்களிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிடலாம். லட்சக்கணக்கில் வரும். 20 முடியும்வரை அவன் லோடு ஏற்றி இறக்கக் கூட வரட்டும். ஸ்டியரிங் உங்களிடமே இருக்கட்டும்.