காற்றாலையும் கடன் வட்டியும்: உருகுவே காட்டிய வழி

காற்று, சூரிய மின்சாரத்தில் சில நாடுகள் மட்டும் ஏன் வேகமாக முன்னேறுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றும் வெயிலும் அதிகம் உள்ள நாடுகள் முந்துகின்றன என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். திருநெல்வேலியில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தபோது அந்த நினைப்பு மாறியது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைப் பற்றி எங்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. காற்றாலைக் கடன் கேட்டு ஒரு கோப்பு வந்தால், மின்சாரத்தை வாங்கப்போவது யார், எத்தனை ஆண்டுகளுக்கு, பணம் தவறாமல் வருமா என்றுதான் முதலில் பார்ப்போம்.

அனல்மின் நிலையத்துக்கு அதன் ஆயுள் முழுவதும் நிலக்கரி வாங்க வேண்டும். காற்றாலைக்கு எரிபொருள் செலவே கிடையாது. ஆனால் மொத்தச் செலவில் பெரும்பகுதி முதலிலேயே வந்துவிடும், அதுவும் பெரும்பாலும் கடனாக. 100 ரூபாய்க் கடனை 20 ஆண்டுகளில் சமத் தவணையாக அடைக்க, 6 சதவீத வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 8.70 ரூபாய் போதும். 12 சதவீதம் என்றால் 13.40 ரூபாய். அதே காற்று, அதே இயந்திரம், ஆனால் தவணை ஒன்றரை மடங்கு! கடன் கொடுப்பவருக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு வட்டி.

இந்தப் பயத்தைப் போக்கிய நாடு என்று நான் எப்போதும் தென் அமெரிக்காவின் உருகுவேயைத்தான் சொல்வேன். சுமார் 35 லட்சம் மக்கள். சொந்தமாக எண்ணெயோ நிலக்கரியோ கிடையாது. அணைகள் இருந்தன, மழை பொய்த்த ஆண்டுகளில் இறக்குமதி எண்ணெயை எரித்தார்கள், அண்டை நாடுகளிடம் மின்சாரம் வாங்கினார்கள். 2008-இல் ரமோன் மெந்தெஸ் என்ற இயற்பியலாளர் தேசிய எரிசக்தி இயக்குநரானார். அவர் பொறுப்பில் உருவான கொள்கையை, 2010-இல் நாடாளுமன்றத்தில் இருந்த எல்லாக் கட்சிகளும் ஏற்றுக்கொண்டன. எதிர்க்கட்சியும் சேர்ந்து சம்மதித்த அந்த உடன்பாட்டைத்தான் எந்த இயந்திரத்தைவிடவும் பெரிதாக மதிக்கிறேன். அரசு மின் நிறுவனம் ஏலம் விட்டு, தனியாரிடம் மின்சாரம் வாங்க 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. பத்தே ஆண்டுகளில், ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து நாட்டின் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காற்றிலிருந்து வந்தது. 15 ஆண்டுகள் ஆண்ட கூட்டணி 2020-இல் ஆட்சியை இழந்தது. எரிசக்திப் பாதை மாறவில்லை.

அணைகள் இருந்ததால்தானே முடிந்தது என்று கேட்கலாம். காற்று வீசும் நேரத்தில் அணை நீரைச் சேமித்து, ஓயும்போது திறந்தார்கள். அது பெரிய உதவி. ஆனால் அந்த அணைகள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இருந்தவை. புதிதாக வந்தது அந்த உடன்பாடும் ஒப்பந்தமும்தான்.

ஸ்பெயின் இதற்கு நேர்மாறு. அங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. 2008-இல் சூரிய மின் நிலையங்கள் மளமளவென்று எழுந்தன. நிதி நெருக்கடி வந்ததும், ஏற்கெனவே கட்டி முடித்த நிலையங்களின் மின்சாரத்துக்குத் தருவதாக உறுதி கொடுத்திருந்த தொகையைக்கூட அரசு குறைத்தது. முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களுக்குப் போனார்கள். புதிய நிலையங்கள் கட்டுவது பல ஆண்டுகள் ஏறக்குறைய நின்றே போனது.

என் வாடிக்கையாளர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஆனி, ஆடி மாதங்களில் அவருடைய காற்றாலை ஓயாமல் சுற்றும். விற்ற மின்சாரத்துக்கான பணமோ பல மாதங்கள் கழித்தே வரும். வங்கித் தவணை காத்திருக்காது. இரண்டாவது காற்றாலைக்காக வாங்கிப் போட்டிருந்த நிலத்தை விற்றுத்தான் முதல் காற்றாலையின் தவணையைக் கட்டினார்.