வலி இருந்தால் ஏன் எப்போதும் அசதி?

யாங்கோனிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "அம்மாவுக்கு 2 வருடமாக முதுகுவலி. பெரிதாக வேலை இல்லை, ஆனாலும் எந்நேரமும் அசதி. சோம்பலா?"

சோம்பல் இல்லவே இல்லை. 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி ஆழ்ந்த உறக்கத்தைக் கலைத்துவிடும். 8 மணி நேரம் படுத்தாலும் உடம்பு தேறாது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் கூடுதலாகத் தெரியும். வலிக்கிற இடத்தைக் காக்கத் தசைகள் நாள் முழுக்க இறுகிக் கிடக்கின்றன, அதுவும் உழைப்புதான். நீடித்த வலிக்குத் தரும் அமிட்ரிப்டைலின், கபாபென்டின் போன்ற மாத்திரைகளும் தூக்கக் கலக்கம் தரும்.

வலி குறைந்த நாளில் வீட்டைப் பெருக்கி, சமைத்து, காளி கோயிலுக்கும் நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழமுடியாமல் கிடக்கிறாரா? தினமும் கொஞ்சம், இடையிடையே ஓய்வு என்று பிரித்துக் கொடுங்கள். அப்புறம், அசதிக்கு வேறு காரணமும் இருக்கிறதா என்று பார்க்க, ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை கட்டாயம் எடுங்கள்.