மூன்றாவது மாடிக்கு வெள்ளம் வராது, ஆனால் மோட்டார் ஓடாது

கேள்வி: சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில், 480 சதுர அடி வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், ஆறு வயது மகள், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். 2023 மிக்ஜாம் புயலில் நான்கு நாள் கரண்ட் இல்லாமல் திண்டாடிவிட்டோம். இந்த மழைக்காலத்துக்காவது தயாராக இருக்க ஆசை. ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது, வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி வைக்கவும் இடமில்லை. ஆன்லைனில் விற்கும் 'எமர்ஜென்சி கிட்' வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் இருக்கும் விசிலும் கயிறும் மலையேறப் போகிறவர்களுக்கு. உங்களுக்கு என்ன தேவை என்பதை அந்த நான்கு நாளே சொல்லியிருக்கும். மாடிக்கு வெள்ளம் வரவில்லை. கரண்ட் போனது, மோட்டார் நின்றது, மொட்டைமாடித் தொட்டி காலியானது, கீழே இறங்க வழியில்லை. ஆகவே முதல் செலவு தண்ணீருக்கு. சாப்பாடெல்லாம் அப்புறம்தான்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வையுங்கள். நான்கு பேருக்கு, நான்கு நாளுக்கு 64 லிட்டர். அதாவது மூன்று 20 லிட்டர் கேன், கூட ஒரு குடம். வழக்கமாக வாங்கும் கேனோடு இரண்டை மட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கேனை முதலில் எடுத்து, புதிதாக வருவதைப் பின்னால் தள்ளுங்கள். கேன் கட்டிலுக்கு அடியில் போகாது. படுக்க வைத்தால் ஒழுகும். இரண்டையும் மூலையில் நிறுத்தி மேலே ஒரு பலகையைப் போட்டால் மகள் வீட்டுப்பாடம் எழுத இடமாகிவிடும். கட்டிலுக்கு அடியில் இறுக மூடிய 2 லிட்டர் பாட்டில்களை அடுக்கலாம்.

கழிவறைத் தண்ணீரைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு தடவை ஃபிளஷ் செய்தாலே 6 லிட்டருக்கு மேல் போய்விடும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே அண்டா, இட்லிக் குண்டான், பக்கெட் எல்லாவற்றையும் நிரப்புங்கள். மேலிருந்து துணி போடும் வாஷிங் மெஷின் இருந்தால் அதன் டிரம்மிலும் நாற்பது லிட்டர்போலப் பிடித்து வைக்கலாம். குடிக்க ஆகாது, கழிவறைக்கு ஆகும். ஃபிளஷை அழுத்தாமல் பாதி பக்கெட்டை ஒரே வீச்சில் ஊற்றினால் போதும். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் போக வேண்டும். இன்னொன்று: தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது நீங்கள் மேலே ஊற்றுவது தரைத்தளத்து வீட்டுக் கழிவறையில் பொங்கி வரலாம். கீழே இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.

சாப்பாட்டுக்கென்று தனிப்பட்டியல் போடாதீர்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் பொருளையே இரண்டு வாரம் முன்கூட்டி வாங்குவதுதான் சிக்கனமான சேமிப்பு. செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு பொருளாக, அவல், பொட்டுக்கடலை, வறுத்த ரவை, பருப்புப்பொடி, பால் பவுடர் என்று சேர்த்தால் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஜனவரியில் அதையே சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம், ஒன்றும் வீணாகாது. இதில் அவலுக்குத்தான் முதலிடம், அடுப்பே தேவையில்லை. நனைத்துப் பிழிந்து வெல்லம் போட்டால் குழந்தைக்கு ஆயிற்று, ஊறுகாய் சேர்த்தால் பெரியவர்களுக்கு ஆயிற்று. தீபாவளியும் இந்தச் சமயத்தில்தான் வருகிறது. முறுக்கு, தட்டையை ஓர் ஈடு கூடுதலாகப் போட்டு எடுத்துவைத்தால் அதைவிட நல்ல அவசர உணவு கிடையாது. என்ன, வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் வைக்க வேண்டும்!

இரண்டு சிலிண்டர் இணைப்பு என்றால் காலி சிலிண்டரை அக்டோபர் பிறக்கும் முன் மாற்றிவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கேஸ் தீர்ந்துவிட்டது என்று ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் கரியடுப்பு மட்டும் மூட்டவே கூடாது, அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

மாமியாரின் மருந்துக்கு வருவோம். மாத்திரையும் இன்சுலினும் ஊசியும் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டியே கையில் இருக்கட்டும். இப்போது உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே நான்கு வாரம் தாங்கும். சரியான கணக்கை அதன் பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காததைக் காக்க ஒரு சின்ன மண்பானை போதும். ஒரு தட்டில் ஈர மணல் பரப்பி, பானையை அதன்மேல் வைத்து, வாயை ஈரத்துணியால் மூடுங்கள். மருந்தைத் தண்ணீர் படாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடலாம். ஐஸைத் தொட்டபடி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலினைப் போடக்கூடாது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம்போலக் குளிர் நிற்கும். எச்சரிக்கை வந்ததும் ஃப்ரீசரில் நாலைந்து பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, கரண்ட் போனதும் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். உருகிய பிறகு குடித்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்துக்கு இன்வெர்ட்டர் வாங்க வேண்டாம், உங்கள் பட்ஜெட்டுக்கு அது ஆகாது. கரண்ட் இருக்கும்போது தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும் எல்.இ.டி. பல்பு இரண்டு போதும், சில நூறு ரூபாய்தான். குழந்தை ஓடும் சின்ன வீட்டில் மெழுகுவர்த்தியைத் தவிர்த்துவிடுங்கள். 10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஒன்று இருந்தால் ஒரு போனை ஒரு தடவையாவது முழுதாக ஏற்றலாம். நீங்களும் கணவரும் வேறு வேறு கம்பெனி சிம் வைத்திருந்தால் இரண்டில் ஒன்றிலாவது சிக்னல் கிடைக்க வாய்ப்புண்டு. டவர் போனால் ஜிபே வேலை செய்யாது. ஆகவே பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஓர் ஆயிரம் ரூபாயைச் சேர்த்துவைத்து, அதைத் தொடாமல் இருங்கள்.

வண்டி இருந்தால் மழை வலுக்கும் முன்பே மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 1913 மாநகராட்சிக்கு, 1077 மாவட்டத்துக்கு, 112 எந்த அவசரத்துக்கும். மூன்றையும் கதவின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். போன் அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்தாவது கூப்பிடலாம்.

காசே செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது, பலன் இதில்தான் அதிகம். உங்கள் அடுக்குமாடிச் சங்கத்தில் இப்போதே பேசுங்கள். பன்னிரண்டு வீட்டுக்கு 5,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு வீட்டுக்கு 400 லிட்டர்தான். கரண்ட் போன முதல் நாளே ஒரு வீட்டில் துணி துவைத்தால் எல்லாருக்கும் அது தீர்ந்துபோகும். எச்சரிக்கை வந்ததும் தொட்டியை முழுதாக ஏற்றிவிட வேண்டும். கரண்ட் நின்றதும் வால்வை மூடிவிட்டு, காலை அரை மணி, மாலை அரை மணி மட்டும் திறக்க வேண்டும். சம்ப், அதாவது தரைக்கடித் தொட்டி, அதன் மூடியின் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரித்து மணல் மூட்டை அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கரண்ட் வந்த பிறகும் சம்ப்பைக் காலி செய்து கழுவி, பிளீச்சிங் பவுடர் போடும்வரை மோட்டார் போட முடியாது. வால்வு சாவி யாரிடம், மணல் மூட்டை எங்கே என்பதைச் செப்டம்பர் கூட்டத்திலேயே முடிவு செய்து மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர் எப்படிக் கேட்பது என்று தயங்கினால் வீட்டுக்காரரைப் பேச வையுங்கள், சம்ப் கெட்டால் செலவு அவருக்கும்தான்.